எத்தோரே

எங்கள் மகன் நாள் நிறையாமல் பிறந்து, பலெர்மோ ஆஸ்பத்திரி ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். தாதி பெயர் கேட்டார். பிறந்த துடக்கு, அந்தத் தீட்டு, கழியாமல் எங்களில் யாரும் பெயர் வைப்பதில்லை. அதற்கும் நட்சத்திரத்துக்குப் பொருந்திய முதலெழுத்தை யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் சொல்லவேண்டும். ஊரில் பாதை மூடி, சண்டை மும்முரமாக நடந்த காலம். ஊருக்குத் தொலைபேசி கிடைப்பதே குதிரைக்கொம்பு. மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைக்கு நாங்கள் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தாதி பொறுக்கவில்லை. பெயரில்லாத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று, தானே எத்தோரே என்று கூப்பிடத் தொடங்கினார். பழைய கிரேக்கக் கதையில் வருகிற வீரனாம். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவன் என்று அர்த்தமாம். அதைக் கேட்டு மனைவியின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"சாத்திரியார் என்ன எழுத்தெண்டாலும் தரட்டும். இஞ்சை இவன் எத்தோரேதான்" என்றாள்.

"ஓம்" என்றேன். போர்கோ வெக்கியோவில் இருந்த எங்கள் அறைக்குத் திரும்பும்போது அந்தப் பெயரை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயராகத்தான் இருந்தது.

அந்தக் கிழமை முடியுமுன் அவன் போய்விட்டான். ஊரிலிருந்து எழுத்து வரவேயில்லை.

பச்சைப் பிள்ளையை நாங்கள் எரிப்பதில்லை, புதைப்போம். உடலைக் கேட்டு வாங்க நான் தனியாகப் போனேன். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் வதிவிட அனுமதியை, அந்தப் பெர்மெஸ்ஸோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயரில்லாமல் தரமுடியாது என்றார். எத்தோரே என்றேன். நிமிர்ந்து என் கறுத்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார்.

சில மாதம் கழித்து, நான் வீடு துடைக்கப் போகும் சிஞ்ஞோராவிடம் எத்தோரே யார் என்று கேட்டேன். அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். தன் ஊரைக் காத்து நின்று செத்தவன் என்றார். கொன்றவன் உடலைக் கொடுக்கவில்லையாம். கிழட்டுத் தகப்பன் எதிரியின் கூடாரத்துக்கே போய், மகனைக் கொன்ற கையை முத்தமிட்டுக் கெஞ்சினானாம்.

துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். கொடுத்தானா என்று கேட்டேன்.

"கொடுத்தான். தகப்பனோடு சேர்ந்து அவனும் அழுதான்" என்றார் சிஞ்ஞோரா.

அங்கேயே நின்று அழுதேன். எனக்குக் கொடுத்தவர் அழவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.