மூன்று பேர் பிளானில் ஏழு பேர்

"வண்டி வாசல்ல நிக்குதுல்லா மேடம்! பார்கோடு எங்க?"

கத்தியவர் காதர் பாய். மும்பை தாராவியில் தோல் பை செய்யும் பட்டறையின் முதலாளி, தென்காசிக்காரர். அங்கே ஆபீஸ் வேலை முழுவதும் என் பொறுப்பு. நான்கு மணிக்குள் சரக்கு ஏறாவிட்டால் ஆர்டர் ரத்து. பார்கோடு ஒட்டாத பெட்டியை வாங்கும் கம்பெனிக்காரர் தொடமாட்டார். அதை அச்சிட வேண்டிய சாஃப்ட்வேரோ, 'அனுமதித்ததைவிட அதிகம் பேர், கணக்கு முடக்கம்' என்று மூடிக்கொண்டது.

அந்த சாஃப்ட்வேருக்குச் சந்தா பிளானைத் தேர்ந்தெடுத்தது நான்தான். மூன்று பேருக்கு ஒன்று, பத்து பேருக்கு ஒன்று. சம்பளப் பட்டியலில் கம்ப்யூட்டர் தொடுகிறவர்கள் மூன்றே பேர். சின்னதே போதும் என்றேன். நான் பக்கத்து மாட்டுங்காவில் வளர்ந்த தமிழச்சி, பத்து ரூபாய் மிச்சம் பிடித்தாலும் பத்து பேரிடம் பீற்றிக்கொள்வேன்.

ஆனால் எங்கள் பை ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. வெட்டுவது ஒரு சந்தில், பசை ஒட்டுவது இன்னொன்றில், தைப்பது வேறொன்றில். நான்கு வீடுகளில் பீஸ் ரேட்டுக்கு, எண்ணிக்கைக்கு இவ்வளவு கூலி என்று வேலை. முடித்த எண்ணிக்கையை மொபைலில் ஏற்ற, நான்கு வீட்டுக்கும் என் பாஸ்வேர்டையே கொடுத்திருந்தேன்.

கடைசியாக நுழைந்ததாகத் திரை காட்டியது மரியத்தின் மொபைலை. பசை ஒட்டும் வீட்டுக்காரி. பாய் உடனே அவளை ஸ்பீக்கரில் பிடித்தார்.

"உன்ன யாரு அதுக்குள்ள போவச் சொன்னா? நாளையிலேருந்து ஒனக்கு ஒட்டுறதுக்கு மால் கெடையாது!"

"தப்புதான் பாய். மால மட்டும் நிறுத்திராதிய. பிள்ளையளுக்கு வேற வழியில்ல."

என் பெயரை அவள் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து வருஷத்து நல்ல பெயர் போய்விடுமே என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த அரை நிமிஷத்துக்காக வெட்கப்படுகிறேன். பிறகுதான் சொன்னேன்:

"பாய், பாஸ்வேர்ட் நான் குடுத்தது. மிச்சம் பிடிக்கறேன்னு நான் பண்ணின காரியம். நிறுத்தறதுன்னா முதல்ல என்னை நிறுத்துங்கோ."

பாய் தன் போனை நீட்டினார்.

"பெரிய பிளான் போடுங்க. ஓடிபி இதுல வரும். ஃபட்டாஃபட், சீக்கிரம்! மரியம், நீ வேலயப் பாரு."

கடைசிப் பெட்டி ஏறியபோது நான்கு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. சின்ன பிளானில் நான் பிடித்த மிச்சம் அந்த டெம்போ வாடகைக்குக்கூடக் காணாது.

பிளான் பற்றி யாராவது கேட்டால் இப்போது ஒன்றுதான் சொல்கிறேன். சம்பளப் பட்டியலை மூடிவையுங்கள். ஒரு பையின் பின்னாலேயே சந்து சந்தாக நடங்கள். அது எத்தனை கைகளுக்குப் போகிறதோ அத்தனை பேருக்கு வாங்குங்கள்.

மறுநாள் மரியத்துக்குத் தனி லாகின் போட்டேன். திரை பெயர் கேட்டது. எட்டு வருஷமாக எங்களுக்கு வேலை செய்தவளின் பெயரை நான் முதன்முதலாக எழுதியது அன்றுதான்.