ஏலக்காய்க் காலம்

சிங்கப்பூரில் தன்னோடு வேலை பார்க்கும் சீனப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று மகள் சொன்னபோது நான் கத்தவில்லை. கத்தியதெல்லாம் சீன மொழியிடம்தான். பையனைப் பெற்றவர்களோடு வீடியோவில் முதன்முதலாகப் பேசும்போது மகள் நடுவில் நின்று மொழிபெயர்க்கக் கூடாது, என் வாயாலேயே நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று எனக்கொரு வீம்பு. ஐம்பத்துநாலு வயதில், கம்பத்தில் என் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து, செல்போனைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன்.

தனித்தனி வார்த்தைகள்கூடப் பரவாயில்லை. இந்த நாலெழுத்து மரபுத்தொடர்கள்தான் உயிரை வாங்கின. பாம்பை வரைந்து அதற்குக் கால் போட்டால் வேண்டாத வேலை என்று அர்த்தமாம். அதை நேராகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பொருள் பார்த்து மனப்பாடம் செய்தால், சேர்த்த பிறகு அது வேறெதையோ சொல்லும். இரண்டு முறை போனைக் காய்ச் சாக்கின்மேல் விட்டெறிந்திருக்கிறேன்.

அப்போதுதான் 'தோகோ நியன்ஹுவா' கண்ணில் பட்டது. தோகோ என்றால் ஏலக்காய். நியன்ஹுவா என்றால் வாழ்நாளில் ஒரு காலம். ஆகா, எனக்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள்! கீழே இருந்த விளக்கத்தை நான் படிக்கவில்லை.

வீடியோவில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: "என் ஏலக்காய்க் காலம் முழுவதும் கடையிலேயே போய்விட்டது." சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தி என் மீசையையே பார்த்தார்.

"ஏம்மா, அவுக எதுக்குச் சிரிக்கிறாக?"

"அப்பா, அது பதிமூணு வயசுப் பொம்பளப் பிள்ளையச் சொல்றது."

"ஏலக்காய்க்கும் பொம்பளப் பிள்ளைக்கும் என்னம்மா சம்பந்தம்? முப்பது வருசமா ஏலக்காய் தரம் பிரிக்கிறவன் நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா?"

அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ கேட்டார். மகள் தயங்கித்தான் சொன்னாள். "பதிமூணு வயசுல நான் எப்படி இருந்தேன்னு உங்ககிட்ட கேக்குறாக."

அந்த வயதில் அவளை மதுரையில் விடுதியில் சேர்த்திருந்தேன். பார்க்கப் போவது அவள் அம்மா மட்டும்தான். நான் கடையில் இருந்தேன். சீனத்தை விடுங்கள், தமிழிலேயே எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை நாள் அந்த மொழிமேல் பட்ட எரிச்சலெல்லாம் என்மேலேயே திரும்பியது.

மகள் கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தாள். பிறகு அவளே அவர்களுக்குச் சீனத்தில் பதில் சொன்னாள். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.