நாலு வாசல் வைத்த பிஸ்கட் வீடு

கிறிஸ்துமஸ் லீவுக்கு அமெரிக்காவிலிருந்து மகளோடு வந்த என் நாத்தனார், வந்த மறுநாளே உத்தரவு போட்டுவிட்டாள். அங்கே பிள்ளைகளைக் கூப்பிட்டு, இஞ்சி பிஸ்கட்டில் வீடு கட்டி, மிட்டாய் ஒட்டி அலங்கரிக்கச் சொல்லி, நல்ல வீட்டுக்குப் பரிசும் கொடுப்பார்களாம். அதை நம் வீட்டிலும் செய்ய வேண்டுமாம். நம் வீடு என்றால் சிவகாசியில் நான் கூட்டிப் பெருக்கும் வீடு. ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்ற கதைதான். திருத்தங்கல் பேக்கரியில் சுக்குத்தூளும் கருப்பட்டியும் கொடுத்து, சுவருக்கும் கூரைக்கும் அளவு சொல்லிச் சுட்டு வாங்கி வந்தது நான். ஒட்டுவதற்குச் சீனியையும் முட்டை வெள்ளையையும் அடித்துக் கை வலித்தது எனக்கு. அவள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒருத்தி என் மகளோடு ஒரே வகுப்பில் படிப்பவள். அவளுடைய அம்மாவுக்கு எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை. இது தெரிந்ததும் நாத்தனார் அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

“வேலைக்கு வர்றவுக பிள்ளையை எல்லாம் எதுக்குக் கூப்பிடணும் மதினி?”

“அவுக கை படாத காசு இந்த வீட்டுல எதுவும் இருக்கா?” என்று கேட்டேன்.

அவள் செல்போனை எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் போய்விட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மற்ற பிள்ளைகள் எல்லாரும் முன்பக்கம் ஒரு வாசலோடு முடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் மட்டும் கத்தி கேட்டு வாங்கி, நாலு சுவரிலும் வாசல் வெட்டினாள். இரண்டு முறை கூரை சரிந்தது. மறுபடியும் சீனிக்கலவையை வைத்து ஒட்டினாள். திருடன் வந்து போகவா நாலு வாசல் என்று நாத்தனார் கேலி செய்தாள்.

“இது வீடு இல்ல ஆன்ட்டி. எங்கம்மா வேலை பாக்குற ரூமு. தீப்பிடிச்சா எந்தப் பக்கமும் ஓடலாம்” என்றாள் அந்தப் பெண்.

சொல்லிவிட்டு, பின்வாசலை அடைத்துச் சாக்லேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பரிசு கொடுக்க வந்த என் கணவர், அது என்ன என்று குனிந்து கேட்டார்.

“இங்கன பெட்டி அடுக்கியிருப்பாகளாம். ஆர்டர் நெறைய இருந்தா இந்த வாசல் கிடையாதாம்.”

அவர் சிரித்து மழுப்பி, பரிசைத் தங்கை மகளிடம் கொடுத்தார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

“அந்த வாசல் இப்பத் தெறந்திருக்கா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

பிள்ளைகள் எதிரில் கம்பெனிப் பேச்சு வேண்டாம் என்றார். விருந்தையே கெடுத்துவிட்டதாக நாத்தனார் சீறினாள். கெடட்டும் என்றேன். நியாயம் பேசிவிட்ட பெருமிதம் வேறு எனக்கு.

கம்பெனி வேன் தெரு முக்கில் இறக்கிவிட, அந்தப் பெண்ணை அழைத்துப்போக அவளுடைய அம்மா வந்தாள். நகக்கண்ணில் வெள்ளி நிறத்தில் மருந்து ஒட்டியிருந்தது. மகள் ஓடிப்போய் இழுத்துவந்து வீட்டைக் காட்டினாள், அடைத்த வாசல் எது என்றும் சொன்னாள். அம்மா அந்த பிஸ்கட் வீட்டைப் பார்த்தாள், என் கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாக்லேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசலைத் திறந்துவிட்டாள். போகும்போது கேட் அருகில் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“சின்னப்பிள்ள, தெரியாமச் சொல்லிட்டா. வேலையை விட்டு நிப்பாட்டிற வேண்டாம்னு மொதலாளிட்ட நீங்கதாம்மா சொல்லணும்.”

சொல்கிறேன் என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதுவரை மற்றவர்கள்மேல் இருந்த கோபமெல்லாம் என்மேல் திரும்பியது. ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குப் போயிருந்தபோது, அவள் வேலை பார்க்கும் அறையின் பின்வாசலை அடைத்து அடுக்கிய பெட்டிகளின் மேல் உட்கார்ந்துதான் நான் பொரி தின்றேன். பொரியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தவள் அவள்தான்.