லட்சுமியின் கண்ணில் ஒரு கோடு

மாட்டுப் பொங்கலன்று காலை, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவிலிருந்து போன்.

"சயாமா, லட்சுமிக்குக் கண்ணு பட்டுடுச்சு! வாயில நுரையா ஊத்துது. உடனே வாங்க!"

பேசியது மீனாட்சியக்கா. சயாமா என்றால் பர்மியத்தில் டாக்டரம்மா; நான் மாட்டு டாக்டர். லட்சுமி அவர் வளர்க்கும் ஐந்து மாதக் கிடாரிக் கன்று. தாய்ப்பசு போன மழைக்காலத்தில் செத்துப்போக, புட்டிப்பால் கொடுத்து ஆளாக்கினார். அந்த வீட்டில் இனி பால் என்றால், லட்சுமி வளர்ந்து கறக்கப்போகும் பால்தான்.

பபேடானில் என் வீட்டிலிருந்து படகுத்துறைக்கு ஓட்டம். ஆற்றைக் கடக்க ஃபெரி. அக்கரையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா... ஓட்டுகிறவர் மிதித்த மிதியில் உட்கார்ந்திருந்த எனக்கு மூச்சு வாங்கியது.

கன்று படுத்துக் கிடந்தது. உடம்பெல்லாம் மஞ்சள், நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. கண்ணில் நீர், தசையில் துடிப்பு, நிற்காத கழிச்சல். டார்ச் அடித்துப் பார்த்தேன். மாட்டின் கண்மணி அவரைக்கொட்டை போல அகலமாகப் படுத்திருக்க வேண்டும். இதற்கோ, பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு!

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணாதீர்கள், இன்னும் எழுதுவேன். அந்தக் கோட்டைப் படிக்கத்தானே அத்தனை வருடம் படித்தேன்? இது கண்ணேறு இல்லை. பூச்சிமருந்து.

"எதுல குளிப்பாட்டினீங்க?"

அக்காவின் கணவர் கோ முருகன் முந்திக்கொண்டார். (பர்மியத்தில் 'கோ' என்றால் அண்ணன்.) "ஷாம்பு, சயாமா. நல்ல ஷாம்பு."

நம்மைக் கேட்காமலே வேலை செய்யும் நரம்புகள் உடம்புக்குள் இருக்கின்றன. எச்சில், கண்ணீர், குடல், இதயத்துடிப்பு... இதற்கெல்லாம் நாமா உத்தரவு போடுகிறோம்? திறக்கவும் மூடவும் உள்ளேயே ஏற்பாடு. இந்தவகைப் பூச்சிமருந்து, திறந்த குழாயை மூடவிடாது. அட்ரோபின் என்கிற ஊசிமருந்துதான் போய் மூடும். ஆனால் தோலில் விஷம் ஒட்டியிருக்கும்வரை அது உள்ளே இறங்கிக்கொண்டே இருக்குமே? என் பையில் இருந்ததோ, மனிதர்களுக்கான குட்டி ஆம்பூல் முப்பது.

பாதியை உடைத்துப் போட்டேன். எச்சில் கொஞ்சம் அடங்கியது. "இப்ப சோப்புப் போட்டு நல்லாக் கழுவணும்க்கா" என்றேன்.

அக்கா குறுக்கே நின்றார்.

"பூஜை முடிஞ்ச மாட்டையா? பொட்டப் புள்ள நெத்திக் குங்குமத்தைக் கழுவச் சொல்றீங்களே, நீங்களும் தமிழ்ப் பொண்ணுதானே? ஷாம்பு போட்டுக் குளிச்சதுக்கு எதுக்கு இன்னொரு குளியல்?"

நியாயமான கேள்வி. கோ முருகனைத் திரும்பிப் பார்த்தேன். ஜனவரிக் காலையில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணிலும் நீர்.

"அண்ணே, அழுவுறீங்களா?"

"இல்ல சயாமா... புகை."

பொங்கல் அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

லட்சுமியின் வாயில் மறுபடி எச்சில் இறங்கத் தொடங்கியது.

"அண்ணே, மிச்சம் இவ்வளவுதான். இது தீர்ந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஷாம்புதான்னா கழுவ வேணாம். வேற எதுன்னாலும் இப்பவே சொல்லிடுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். கன்றைப் பார்த்தார். கொட்டகைக்குப் பின்னால் போய் ஒரு டப்பாவோடு வந்து, மனைவியிடம் சொன்னார்.

"வர்றவங்க உண்ணியைப் பார்த்தா மானம் போயிடும்னு நீதானே சொன்னே? வயலுக்கு அடிக்கிறது. கொஞ்சம்தான் கலந்தேன்."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு மூடி... மூணு."

வெறும் கையால் தேய்த்தாராம். டப்பாவை வாங்கினேன். எல்லாம் தாய்லாந்து எழுத்து. தமிழ், பர்மியம், ஆங்கிலம் என்று மூன்றும் படிக்கத் தெரிந்த மகாராணிக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை! டப்பாவின் முன்னால் கோ முருகனும் நானும் ஒரே வகுப்பு. நல்லவேளை, கன்றின் கண் எனக்குத் தெரிந்த மொழியில் இருந்தது.

நான் நீட்டிய கையுறையை மாட்டிக்கொண்டு, குங்குமத்தை அக்காவே முதலில் வழித்தார். மாலையை அறுத்துப் போட்டார். வாளி வாளியாக ஊற்றினோம். ஐந்தாவது வாளியை அக்கா கோ முருகன் தலையில் கவிழ்த்தார்.

"வீட்டுல ரெண்டு மாடு இருக்கிறதை மறந்துட்டேன், சயாமா!"

அவரைச் சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து, லோஞ்சிக் கைலி மாற்றி, டப்பாவோடு சைக்காவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிற்பகலில் போன் செய்து, பசிக்கிறது என்றார்.

மிச்ச ஆம்பூல்களில் எட்டுத்தான் தேவைப்பட்டன. மதியத்துக்குமேல் லட்சுமி எழுந்து நின்றாள். வாய் காய்ந்திருந்தது, கண்மணி அகலமாகத் திறந்திருந்தது.

"முழி இம்புட்டுப் பெருசாயிடுச்சே, பார்வை தெரியுமா?"

"தெரியும்க்கா. கொஞ்ச நாளைக்கு வெயில் கூசும், நிழல்ல கட்டுங்க. இந்த ஊசிக்கு வாய் காயும், நெஞ்சு படபடக்கும், குடல் மெதுவாத்தான் வேலை செய்யும். இன்னைக்குப் பொங்கல் ஊட்டாதீங்க."

"மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்கே பொங்கல் இல்லையா!"

அக்கா உள்ளே போய்க் குங்குமம் கொண்டுவந்து, ஈரம் காயாத நெற்றியில் புதிதாக வைத்தார். கன்றின் பங்குப் பொங்கலை என் தட்டில் போட்டார். ஒரு வாய் வைத்தேன். இறங்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நெஞ்சு இன்னும் படபடத்தது.

அட்ரோபின் முழுவதும் லட்சுமிக்குத்தான் போட்டேன்... சத்தியமாக!