உள்பக்கம் பார்க்கும் முகம்

ஒரு பெண்மணியின் கைகளை நான் மாற்றி வைத்தேன். வலக்கையில் இருந்த வில்லைப் பிடுங்கி இடக்கையில் கொடுத்தேன். அவரிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ஒரே ஒரு சொடுக்கு... முடிந்தது!

பதறாதீர்கள். நான் மந்திரவாதி அல்லன். சங்கரன்கோவிலிலிருந்து வெளிவரும் ஒரு சிறிய இசை மாத இதழுக்கு லே-அவுட், அதாவது பக்க வடிவமைப்பு, செய்கிறவன். வயது ஐம்பத்தொன்று. நாலு பேர் கூடும் இடத்தில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன் என்று பெயர். இரண்டு வருடங்களாக நான் படும் பாட்டைப் பார்த்தால் நீங்களும் சிரிப்பீர்கள்.

இசை இதழின் பக்கங்களுக்கென்று சில சம்பிரதாயங்கள் உண்டு. பாடகரின் படம் பெரிதாக இருக்க வேண்டும், மிருதங்கக்காரருக்குத் தபால்தலை அளவு போதும். பாடிய ராகங்களைச் சாம்பல் நிறக் கட்டத்துக்குள் போட வேண்டும். கட்டுரையின் முதல் எழுத்து மூன்று வரி உயரத்துக்கு நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும். இடம் மிஞ்சினால் ஒரு சின்ன வீணைப் படம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருக்கிறது. படத்தில் இருப்பவரின் முகம் பக்கத்தின் உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். வெளியே பார்த்தால் வாசகரும் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு இதழை விட்டே இறங்கிப் போய்விடுவாராம்! எங்கள் ஆசிரியர் அண்ணாச்சி இதில் ரொம்பக் கறார்.

“வெளிய பாக்குற மூஞ்சி என் புத்தகத்துல வரக்கூடாது வே” என்பார்.

வந்தது. ஒரு வயலின் அம்மையாரைப் பற்றிய கட்டுரை. நம் மாவட்டத்துக் கச்சேரிகளில் மட்டும் வாசிப்பவர், பெருநகரங்களில் அதிகம் பெயர் தெரியாதவர். அனுப்பியிருந்ததோ ஒரே ஒரு படம். கட்டுரைக்குக் கிடைத்ததோ வலதுபக்கம். இடதுபக்கம் ஏற்கெனவே ஒரு பட்டுச்சேலை விளம்பரத்துக்குப் போய்விட்டது. அம்மையார் படத்தில் கண்கள் சொக்கி, அழகாக, மிக அழகாக... இதழுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சகத்துக்கு அன்று மாலையே அனுப்ப வேண்டும். நான் என்ன செய்வேன்? படத்தை அப்படியே இடவலமாகப் புரட்டிப் போட்டேன். முகம் சமர்த்தாக உள்ளே திரும்பிவிட்டது. கூடவே வயலினும் திரும்பிவிட்டது! வலக்கை வில் இடக்கைக்கு வந்தது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பொய். தெரிந்துதான் செய்தேன். அதற்குச் சான்று, நான் தடயங்களை மறைத்த விதம். புரட்டியதில் சேலை முந்தானை தப்பான தோளுக்குப் போயிருந்தது. அந்தத் தோளின் மீது கட்டுரைத் தலைப்பைத் தூக்கி வைத்தேன். மூக்குத்தி இரண்டு பக்கமும் குத்தியிருந்தார். கடவுளே என் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இதழ் வந்ததும் புளியங்குடியிலிருந்து ஒரு வாசகர் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்.

“ஏலே, அந்தம்மா இடது கையிலயா வில்லு பிடிக்காவ?” என்றார் ஆசிரியர் என்னிடம்.

“அது கேமரா ஆங்கிள், அண்ணாச்சி.”

“ஆங்கிளா? அப்பச் சரி.”

இத்தோடு முடிந்திருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். என் வீட்டில் ஒரு வாசகி இருக்கிறாள்.

கோமதி, என் மனைவி. தபால் ஆபீசில் வேலை. பிறவியிலேயே இடக்கைக்காரி. முத்திரை குத்துவதும் இடக்கையால்தான். அவள் குத்திய முத்திரை எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நூறு கடிதங்களுக்கு நடுவே கிடந்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

பத்து வயதில் வயலின் படிக்கப் போனாள். இடக்கையில் வில்லைப் பிடித்ததற்காக வாத்தியார் தினமும் விரலில் அடித்தார். இரண்டு வருடம் வலக்கையோடு மல்லுக்கட்டிவிட்டு, பெட்டியை மூடி வைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெட்டி எங்கள் பீரோவின் தலையில் இருந்தது. அவளும் திறக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த இதழ் வீட்டுக்கு வந்த அன்று, சமையலறையில் இருந்து ஒரு கூச்சல்.

“ஏங்க! இங்கன வாங்க! இந்தம்மாவப் பாத்தியளா? என்னைய மாதிரியே பிடிச்சிருக்காவ!”

ஓடிப் போனேன். இதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது.

“இப்படியும் வாசிக்கலாமாங்க? இத்தன நாளும் எனக்கு யாருமே சொல்லலியே...”

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். ‘ஏட்டி, அது நான் புரட்டிப் போட்ட படம்’ என்று ஆறே சொற்கள்! வாய் திறந்தேன். வெளியே வந்தது என்ன தெரியுமா?

“காபி இருக்கா?”

மறுவாரமே திருநெல்வேலிக்குப் போய், வயலினில் தந்திகளை வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள். நாற்பத்தாறு வயதில், முப்பத்துநாலு வருடத் தூசியைத் தட்டிவிட்டு, இடக்கையில் வில்லைப் பிடித்தாள். முதல் மாதம் அது பூனை அழுவதைப் போல இருந்தது. நான் கேலி செய்தேன், அவள் வில்லால் அடிக்க வந்தாள். ஆறாவது மாதம் அடுப்படிக் குழாயை மூடிவிட்டு நின்று கேட்டேன். ஒரு வருடத்தில்... என்ன சொல்ல! எங்கள் வீட்டுக்கு இன்னொரு ஜன்னல் வைத்தது போல இருந்தது.

சுவரில் அந்தப் படம். கத்தரித்து ஒட்டியிருந்தாள். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சுருதி சேர்ப்பாள். அம்மையாரின் காணொளி கிடைக்குமா என்று கைப்பேசியில் தேடினாள். கிடைத்தவை இரண்டே பாட்டு, இரண்டிலும் அம்மன் படத்தைத்தான் ஒட்டியிருந்தார்கள். அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன்!

பிறகு வந்தது, சென்ற ஆடித்தபசு. திருவிழாக் கச்சேரிப் பட்டியலை அவள்தான் கொண்டுவந்தாள். அந்த அம்மையாரின் பெயர் அதில் இருந்தது!

அன்று மாலை எனக்கு வயிற்றுவலி வந்தது. அவள் ஓமத்தண்ணீர் கொடுத்தாள். மழை வரும் என்றேன். குடையை எடுத்தாள். கூட்டத்தில் நசுங்கிவிடுவோம் என்றேன்.

“நீங்க படுங்க. நான் ஆட்டோவுல போய்க்கிடுதேன்.”

தனியே அனுப்ப முடியுமா? போனேன். பெரிய தூண் ஒன்றைத் தேடி, அதற்குப் பின்னால் இடம் பிடித்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டாள். திரை விலகியது. படத்தைப் புரட்டத் தெரிந்த எனக்கு மேடையைப் புரட்டத் தெரியவில்லை!

அம்மையார் வலக்கையில் வில்லை எடுத்தார்.

கோமதி அசையவில்லை. வர்ணம் முடிந்தது. ஒரு கீர்த்தனை முடிந்தது. வீட்டுக்குப் போய் என்ன சொல்லி அழுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஓர் இடத்தில் அம்மையாரின் வில் லேசாகத் தடுமாறியது. யாருக்கும் நேர்வதுதான். கோமதி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

“பாத்தியளா... கை இன்னும் பழகல. இவங்களையும் மாத்திட்டாவ, பாவிங்க.”

“என்ன... என்ன சொல்லுத?”

“எனக்குச் செஞ்சதத்தான் இவங்களுக்கும் செஞ்சிருக்காவ. இந்த வயசுல போய் யாரோ மிரட்டி வலது கைக்கு மாத்திட்டாங்க. பெரிய மனசு, அதையும் தாங்கிக்கிட்டு வாசிக்காவ பாருங்க.”

அழுதாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தனக்கு நேர்ந்ததற்கும் சேர்த்து, விசும்பி அழுதாள். பக்கத்து இருக்கைக்காரர் ராகத்துக்கு அழுவதாக நினைத்து மரியாதையாகத் தலையாட்டினார். நான்? தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். ஆம்... முதலில் வந்தது அந்த நிம்மதிதான்! அதை எழுதும்போது விரல் கூசுகிறது.

திரும்பும் வழியில் அவள் ஒன்று சொன்னாள்.

“நான் குடுத்து வச்சவ. ஒரு நாள்கூட நீங்க என் கையக் குறை சொன்னது கிடையாது.”

யோசித்துப் பாருங்கள். அந்த வாத்தியாருக்கு மாணவர் வரிசையில் ஒரு கை மாறி அசைவது பொறுக்கவில்லை. எனக்கு இதழில் ஒரு முகம் மாறிப் பார்ப்பது பொறுக்கவில்லை. அவர் அடித்து மாற்றினார், நான் சொடுக்கி மாற்றினேன். வித்தியாசம் என்ன? என் வழியில் வலி இல்லை என்பதா? யாருக்கு?

அடுத்த வாரம் இதழ் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மீது சாய்ந்த முத்திரை. பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் கொடுக்காமல் முறைப்படி தபாலில், தானே முத்திரை குத்தி அனுப்பியிருந்தாள்! வாசகர் கடிதம் பகுதிக்கு.

‘மதிப்பிற்குரிய அம்மா, உங்கள் படத்தைப் பார்த்துத்தான் நான் மீண்டும் வயலின் எடுத்தேன். யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் இடக்கைக்கே திரும்பிவிடுங்கள். இங்கே உங்களைப் போல ஒருத்தி வாசித்துக்கொண்டிருக்கிறாள்.’

அச்சில் ஒன்பது வரி வரும். எண்ணிப் பார்த்தேன்.

வெளியிட்டால் அந்த அம்மையார் படிப்பார். ஆசிரியர் படிப்பார். என் கேமரா ஆங்கிளின் சாயம் வெளுத்துவிடும். கோமதிக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் என்னைத் திட்டுவாள், அது பழகிய சங்கதிதான். ஆனால் அந்த வில்லைக் கீழே வைத்துவிட்டால்? மறுபடியும் பெட்டியை மூடிப் பீரோ தலையில் ஏற்றிவிட்டால்? அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி, அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்ற பயம்.

கடிதம் என் விசைப்பலகைக்கு அடியில் கிடக்கிறது. மாதா மாதம் இதழ் வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் புரட்டுவது கடிதப் பக்கத்தை.

“இந்த மாசமும் வரலியே?”

“இடமில்ல, கோமு.”

“சரி. அடுத்த மாசம் பாருங்க.” சண்டை இல்லை. சந்தேகம் கூட இல்லை... அதுதான் கொல்கிறது! பிறகு பக்கத்து அறைக்குப் போய் வயலினை எடுப்பாள். நேற்று ஒரு ராகத்தை அவ்வளவு நிதானமாக இழைத்தாள். வாசலில் பால்காரர்கூட வண்டியை அணைத்துவிட்டு நின்றார்.

இன்று காலை இந்த மாதக் கடிதப் பக்கத்தை முடித்தேன். கீழே கொஞ்சம் இடம் மிஞ்சியது. அளந்து பார்த்தேன். சரியாக ஒன்பது வரி.

விசைப்பலகையைத் தூக்கினேன். கடிதத்தை எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

அந்த இடத்தில் ஒரு சின்ன வீணைப் படத்தைப் போட்டேன். அதன் யாளித் தலை வெளியே பார்ப்பது போல இருந்தது. புரட்டி, உள்பக்கம் பார்க்க வைத்துவிட்டு, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.