சல்லடை எழுதிய விதி

மூக்குக்கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் பவர் சரிபார்த்தவள், வீட்டுக்கு வந்தும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரு இணைய மன்றத்துக்காக. தையல் வகுப்பு, மோட்டார் பழுது, முட்டிவலிக்கு உடற்பயிற்சி என்று உறுப்பினர்கள் தாங்களே எடுத்த வீடியோக்களை அதில் ஏற்றுவார்கள். பழைய போனும் பழைய டிவியும் வைத்திருப்பவர்கள் அவற்றை இறக்கிப் பார்ப்பார்கள். அங்கே அவளுக்குச் சல்லடை என்று பெயர். சும்மா வைத்த பெயரில்லை.

முன்பெல்லாம் ஏற்றுகிறவர்கள் ‘எல்லாவற்றிலும் ஓடும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு குறிச்சொல்லைப் போட்டுவிடுவார்கள். இறக்கிப் பார்த்தால் சத்தம் வரும், படம் வராது. படம் வந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். பக்கவாதம் வந்த கணவருக்காக அரை நாள் காத்திருந்து ஒரு பயிற்சி வீடியோவை இறக்கிய அம்மாள், கறுப்புத் திரையைப் பார்த்து அழுதுவிட்டதாக எழுதியிருந்தார்.

சல்லடைக்குப் பொறுக்கவில்லை. பழைய போன், பழைய டிவி என்று ஏழு விதக் கருவிகளைத் தேடிப் பிடித்து அலமாரியில் அடுக்கினாள். எதில் ஓடும், எதில் சத்தம் மட்டும் வரும், எதில் எழுத்து உடையும் என்று தனித்தனிக் குறிச்சொற்கள் வகுத்தாள். விதியையும் அவளே எழுதினாள். ஏழுக்கும் குறி விழாமல் எந்த வீடியோக் கோப்பும் வெளியே போகாது. இருநூறு கோப்புகளுக்குக் குறி போட்டவர்தான் இனிமேல் குறி போடலாம். அத்தனை போட்டவள் அங்கே அவள் ஒருத்திதான். குறி போடவே விடாவிட்டால் மற்றவர்கள் எந்தக் காலத்தில் இருநூறைத் தொடுவது? இந்தச் சின்ன விஷயம் அந்தப் பெரிய மூளைக்கு எழுதும்போது உறைக்கவில்லை. உள்ளே நின்று பூட்டிக்கொண்டு சாவியைச் சன்னல் வழியாக எறிந்த கதைதான்.

இரண்டு வருடம் இப்படியே போனது. வெளியூரில் தனியாக இருக்கும் தங்கைக்குத் திங்கட்கிழமை வயிற்றில் அறுவை சிகிச்சை. பத்து நாள் கூட இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள். கடையில் லீவு கிடைத்துவிட்டது. வரிசையில் நூற்று நாற்பத்து மூன்று கோப்புகள் நின்றன. ஏழில் ஒன்று குண்டு டிவி. அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது.

சனிக்கிழமை காலையில் மன்றத்தை நடத்தும் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, பத்து நாள் நான் இல்லாட்டி என்ன ஆகும்?”

“எல்லாம் அப்படியே நிக்கும். நீங்க எழுதின விதிதானே. வேணும்னா தூக்கிடறேன், ரெண்டு நிமிஷ வேலை.”

“அப்புறம் யாரு குறி போடுவா?”

“மோட்டார் வீடியோ போடுறவரு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

“அவரு டிவியில போட்டே பார்க்க மாட்டாருண்ணே.”

“பார்த்தாலும் பார்ப்பாரு. பத்து நாள்தானேம்மா. தூக்கிடட்டுமா?”

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்த அம்மாளின் கறுப்புத் திரை நினைவுக்கு வந்தது.

“வேண்டாம்ணே,” என்றாள்.

போனை வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி நிறைய வயர்கள், ஏழு சார்ஜர்கள், உட்கார ஒரே ஒரு நாற்காலி. யாராவது கட்டிப்போட்டிருந்தால் அவரைத் திட்டியாவது தீர்த்திருக்கலாம். திட்டுவதற்கும் ஆள் இல்லை. அன்று முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் பார்த்தும் பதினெட்டுதான் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கையைக் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட நினைத்தும், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

“நாளைக்கு வர முடியாது போலிருக்குடி. புதன்கிழமை எப்படியும்...”

“பரவாயில்லக்கா. எதிர்வீட்டு அக்கா கூட இருக்கேன்னு சொல்லியிருக்காங்க.”

“அவங்ககிட்ட எப்போ கேட்ட?”

“தேதி குறிச்ச அன்னிக்கே. உன்கிட்ட கேட்கிறதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன்.”

தங்கையின் குரலில் கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் சல்லடை அடுத்த பஸ்ஸுக்கு ஓடியிருப்பாள்.