கதவைச் சாத்திவிட்டு வாசலில் உட்கார்ந்தவர்

செம்பூர் ஸ்டேஷனில் லோக்கல் ரயிலுக்கு நின்றபோது போன் வந்தது. ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். மாரடைப்பு. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது ஒரே கேள்விதான்: அப்படியானால் தாஸ்? அக்காவின் தம்பி அவன். தலை நரைத்துவிட்டது, மனசு மட்டும் இன்னும் குழந்தை. தனியாக ரோட்டைத் தாண்டத் தெரியாது. தாராவியில் அக்காவோடுதான் இருந்தான்.

அக்காவும் நானும் ஒரே தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தோம். ஆதரவற்று நிற்கும் பிள்ளைக்கோ பெரியவருக்கோ என்ன வழி என்று, அவர்களுடைய சொந்தபந்தங்களையே கூட்டி முடிவெடுக்க வைப்பது எங்கள் வேலை. யார் யார் வரவேண்டும் என்பதை அக்கா அந்தப் பிள்ளையிடமோ பெரியவரிடமோதான் கேட்பார். கூடிய சொந்தங்களிடம் விவரத்தைச் சொல்லி முடித்ததும் எங்களையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். அக்காவை அறிந்தவர்களுக்கு அந்த ஸ்டூலும் தெரிந்திருக்கும்.

தகப்பனுக்குப் பின் தாயையும் இழந்த சிறுமி செல்வியின் கூட்டத்தை மறக்க முடியுமா? உறவில் யாரும் ஏற்காவிட்டால் அவள் அனாதை இல்லத்துக்குப் போகவேண்டியதுதான். "யாரு வரணும் தாயி?" என்றார் அக்கா. அவள் சொன்ன பெயரைக் கேட்டுப் பெரியப்பா எகிறிக் குதித்தார். மராட்டிக்காரரைக் கட்டிக்கொண்டதற்காகக் குடும்பமே ஒதுக்கிவைத்த விக்ரோலி சித்தி! அக்கா அசரவில்லை. "புள்ள கேட்டுட்டா. அவிய வராம நான் கதவச் சாத்த மாட்டேன்."

சித்தி வந்தாள். கதவைச் சாத்தியதுதான் தாமதம், உள்ளே கூரையைப் பிய்க்கிற சத்தம். எனக்குச் சும்மா இருக்க வராது, துள்ளி எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். "எதுக்குப் பயப்படுதிய? சத்தம் கேக்குதுல்லா, புள்ளைக்கு ஆளு இருக்குன்னு அர்த்தம். சரி சரின்னு தலையாட்டிட்டுப் போனாத்தான் பயம்."

கதவு திறந்தபோது செல்வி சித்தியின் மடியில் இருந்தாள். "ஞாயித்துக்கிழமைதோறும் நான் விக்ரோலிக்குப் போயி பாத்துக்கிடுவேன்" என்று பெரியப்பா மூக்கைச் சிந்தினார். ஓர் உத்தரவு போடாமல், வாசலில் சும்மா உட்கார்ந்தே இதை நடத்திவிட்டாரே இந்த மனுஷி! இன்றைக்கு நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது. அதன்பிறகு கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் செல்வி தாஸோடு கேக் வெட்ட வந்துவிடுவாள்.

அடக்கம் முடிந்து அக்கா வீட்டில் உறவினர்கள் கூடினார்கள். "தாஸை நல்ல இல்லமாப் பாத்து விட்டுருவோம், வேற என்ன செய்ய?" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அக்கா பயந்த தலையாட்டல் இதுதான். நாக்கு நுனிவரை வந்த யோசனைகளை எல்லாம் விழுங்கிக்கொண்டு அவனைக் கேட்டேன்: "யாரு வரணும் தாஸ்?"

"செல்வி."

போன் செய்ததும், இப்போது வேலைக்குப் போகும் செல்வி விக்ரோலியிலிருந்து ஆபீஸ் பையோடு ஓடிவந்தாள். தாஸின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சார், நீங்க வெளிய இருங்க. நாங்க பேசிக்கிடுதோம்."

அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்: எழுந்து வெளியே போகத் தெரிவது. கதவைச் சாத்திவிட்டு, அவர் வீட்டு ஸ்டூலை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் கிளம்பியது. அதில் தாஸின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.